பெண் இயக்குநர்களின் குறும்படங்களைக் கொழும்பில் மாதந்தோறும் திரையிடுவது பற்றி

காலிவீதிக்காரி

வெள்ளவத்தையில் 70 கதிரைகள் போடக்கூடிய ஒரு மண்டபத்தை மாதத்தில் ஒரு நாள் குறைந்த வாடகைக்குத் தருவதாக அதன் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டதால், நாங்கள் நான்கு பெண்களும் ஒரு தம்பியும் சேர்ந்து, பெண்கள் இயக்கிய குறும்படங்களை மட்டும் தொடர்ந்து திரையிடுவதென்று முடிவெடுத்து, சென்ற மாதம் முதலாவது திரையிடலை நடத்தினோம். ஆறு படங்கள், மொத்தம் 83 நிமிடங்கள். வாசலில் நின்று நானே எண்ணியபடி வந்தவர்கள் 42 பேர். அவர்களுள் பெண்கள் 11 பேர். அந்தப் 11 பேரிலும் ஐவர் எங்கள் வீட்டார்.

படங்கள் முடிந்தபின் கலந்துரையாடல் என்று அறிவித்திருந்தோம். முதலில் எழுந்த ஒருவர் ஈரானியத் திரைப்படங்களைப் பற்றி 20 நிமிடம் பேசினார். இரண்டாமவர் அவருக்கு மறுமொழி சொன்னார். மூன்றாமவர் இருவரையும் சமாதானப்படுத்தினார். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் தன் தாயுடன் வந்திருந்த இயக்குநர் ஒருத்தி கடைசி வரிசையில் அமர்ந்து இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை நாங்கள் முன்னால் அழைத்தபோது பாதிக் கதிரைகள் வெறுமையாகிவிட்டன. ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சமாளிக்க விரும்பவில்லை. பெரியவர்களை இடைமறிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த திரையிடலுக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருக்கின்றன. படங்களை எப்படித் தெரிவுசெய்வது, எத்தனை படங்களை வைப்பது, எந்த நேரத்தில் நடத்தினால் பெண்கள் வருவார்கள், படத்துக்குப் பிந்திய பேச்சை எப்படி நடத்துவது என்பனவற்றில் அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாராட்டுகள் வேண்டாம், அவை முகநூலில் போதியளவு கிடைத்துவிட்டன.

தொகுப்புமேசை

அக்கா, நான் படத்தொகுப்பு வேலை செய்பவன். அன்று மூன்றாம் வரிசையில் இருந்தேன். கலந்துரையாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன், படங்களே சரியாகத் திரையிடப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதற் குறை ஒலி. அந்த மண்டபத்தின் தரை ஓடு பதித்தது, சுவர்கள் வெறும் சீமெந்து, ஆகவே எந்தச் சொல்லும் இரண்டு தடவை கேட்கிறது. குறைந்த செலவில் எடுக்கப்படும் குறும்படங்கள் பெரும்பாலும் வீட்டு அறையில், காதொலிக்கருவியை மாட்டிக்கொண்டு ஒலிக்கலவை செய்யப்பட்டவை. அங்கே தெளிவாகக் கேட்ட முணுமுணுப்பு இங்கே சுவரில் மோதிக் கரைந்துவிடும். இரண்டாவது படத்தில் தாயும் மகளும் இருட்டில் பேசிக்கொள்ளும் காட்சிதான் அந்தப் படத்தின் உயிர், அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த படம் தொடங்கியதும் பறைச்சத்தத்தில் முன்வரிசையில் இருந்த குழந்தை அழத் தொடங்கியது. ஒவ்வொரு படமும் ஒவ்வொருவர் கையில் உருவானதால் ஒலியளவு ஒன்றாக இருக்காது. முதல் நாளே மண்டபத்துக்குப் போய், ஒவ்வொரு படத்துக்கும் எந்த அளவு பொருந்துகிறதென்று தாளில் குறித்து வைக்க வேண்டும். ஒலிபெருக்கிகளைத் தரையில் வைக்காமல் காதின் உயரத்துக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பின்சுவரில் தடித்த துணியோ பாயோ தொங்கவிட்டாலும் எதிரொலி ஓரளவு குறையும்.

இரண்டாவது உபதலைப்பு. தமிழ் எழுத்துகளைத் தனிக் கோப்பாக வைத்து ஓட்டினால், சில கணினிகளில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகச் சிதறிவிடும். சென்ற முறை சிங்களப் படத்தின் தமிழ் உபதலைப்புக்கு நடந்தது அதுதான். உபதலைப்பைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கில உபதலைப்பின் நேரக்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் வாசித்து முடிவதற்குள் வரி மறைந்துவிடும். இரண்டு வரிக்கு மேற்போகாமல் கருத்தைச் சுருக்கி எழுதுவதுதான் வழி.

மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நேரம் போய்விட்டதென்று ஒவ்வொரு படத்தின் முடிவிலும் பெயர்கள் ஓடும்போதே விளக்கைப் போட்டு அடுத்த கோப்பைத் திறந்தோம் (கணினியை இயக்கியவரோடு நானும் உடன்பட்டேன், ஆகையால் ‘திறந்தோம்’ என்றே எழுதுகிறேன்). பெண் இயக்குநர்களின் பெயரைக் காட்டுவதற்காகக் கூடிய மாலையில் அந்தப் பெயரைத்தான் வெட்டினோம். எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாகத் தொகுத்து, இடையில் சில விநாடிகள் கறுப்புத் திரை விட்டு நான் தருகிறேன். யாருடைய விரலும் நடுவில் தேவைப்படாது. ஆறு படங்கள் அதிகம். நான்கு போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும்.

பழையபார்வையாளர்

சென்ற மாதம் இரண்டாவதாகப் பேசியவர் அநேகமாக நான்தான். அந்தப் பிள்ளை பின்னால் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்று சொல்வது எளிது, ஆனால் உண்மையில் நான் தேடிப்பார்க்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

அதே வேளை, என் ஐயத்தையும் எழுதிவிடுகிறேன். கொழும்பில் திரைப்படக் கழகங்களும் தூதரகக் கலாசார நிலையங்களும் நடத்திய திரையிடல்களில் வளர்ந்தவன் நான். சிங்கள இயக்குநர் சுமித்ரா பீரிஸ் 1978இல் இயக்கிய ‘கெஹெனு லமய்’ படத்தைப் பார்த்தபோது, ஒரு பெண் எடுத்த படம் என்று நான் பார்க்கவில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’வைத் தொகுத்த கை இப்போது இயக்கவும் வந்துவிட்டது என்றுதான் பார்த்தேன். ‘பெண் இயக்குநர்’ என்ற தலைப்பின்கீழ் படங்களைக் கூட்டும்போது, பார்வையாளர் தம் அளவுகோலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு மண்டபத்துக்குள் வருகிறார். மார்ச் 8ஆம் திகதி வந்தால் ஒரு பூச்செண்டு, ஒரு நினைவுச்சின்னம், ஒரு குறும்படம் என்று ஆகிவிட்ட ஊரில் இந்தத் தலைப்பு அவர்களுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? பெண் எடுத்தது என்பதற்காக மட்டும் ஒரு மோசமான படத்தை நீங்கள் திரையிடுவீர்களா என்பதற்கும் எனக்கு நேரான பதில் வேண்டும்.

கொட்டாஞ்சேனைவாசகி

ஐயா, நேராகவே சொல்கிறேன். மோசமான படத்தைத் திரையிட வேண்டியதில்லை. ஆனால் ஆண் ஒருவர் மோசமான படம் எடுத்தால் அதை மோசமான படம் என்கிறோம், பெண் எடுத்தால் பெண்கள் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்கிறோம். அளவுகோல் தலைப்பினால் தாழ்வதில்லை, அது முன்பே கோணலாக இருந்தது.

தலைப்பு ஏன் வேண்டும் என்பதற்குச் சில ஆண்டுகளை மட்டும் அடுக்குகிறேன். தமிழின் முதலாவது பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி ஐந்தே ஆண்டுகளில், 1936இல், ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதி இயக்கினார். அப்படியென்றால் தமிழ்த் திரையில் பெண் இயக்குநர் என்பது ஏறக்குறையப் பேசும்படத்தின் வயதையே கொண்ட விடயம். இருந்தும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் படமெடுத்ததும் ‘முதன்முதலாக’ என்று செய்தி எழுதுகிறோம், ஏனென்றால் முன்னவளைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க ஒரு திரை இருக்கவில்லை. நம் இலங்கைத் தமிழ்ப் படங்களின் கதையை 1962இன் ‘சமுதாயம்’, 1963இன் ‘தோட்டக்காரி’, 1978இன் ‘வாடைக்காற்று’ என்று சொல்லிக்கொண்டு போகும்போது, பெண்களின் பெயரை நடிகையர் வரிசையில்தானே தேட வேண்டியிருக்கிறது?

இனிக் குறும்படத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் பிறந்த ஜேன் கெம்பியன் மாணவியாக எடுத்த ‘பீல்’ என்னும் ஒன்பது நிமிடப் படம், ஒரு காரில் போகும் மூவருக்கிடையே தோடம்பழத் தோலைப் பற்றி நடக்கும் சண்டை மட்டுமே. அதற்கு 1986இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் பரிசு கிடைத்தது. 1993இல் ‘பியானோ’வுக்காக அதே விழாவின் அதியுயர் விருதான தங்கப்பனையை, சீனப் படம் ஒன்றோடு பகிர்ந்துகொண்டு, பெண்களுள் முதலாவதாகப் பெற்றவரும் அவரே. அடுத்த பெண் ஜூலியா டுக்கூர்னோ, 2021இல். நடுவில் 28 ஆண்டுகள். பாயல் கபாடியாவின் 13 நிமிடப் படம் 2017இல் கான் விழாவின் திரைப்படப் பள்ளி மாணவர் பிரிவுக்குத் தெரிவானது. 2024இல் அவருடைய முழுநீளப் படம் அங்கே கிராண்ட் பிறீ விருதைப் பெற்றது. குறும்படம் என்ற வாசல் பெண்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. அதற்கடுத்த வாசலில்தான் கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆகவே, காலிவீதிக்காரி அக்கா, ஒவ்வொரு மாதமும் புதியவர்களை மட்டும் தேடாமல், ஒருமுறை காட்டியவளின் இரண்டாவது படத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது படம் எடுப்பதுதான் கடினம், அதை யாரும் கொண்டாடுவதுமில்லை.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்த 20 நிமிட ஈரானிய உரையில் ஃபரூக் ஃபரொக்ஸாதின் பெயர் வந்ததா?

காலிவீதிக்காரி

வரவில்லை.

கொட்டாஞ்சேனைவாசகி

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஈரானியப் பெண் கவிஞர், 1962இல் தப்ரீஸ் நகருக்கு அருகிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 12 நாட்கள் தங்கி எடுத்த ‘வீடு கறுப்பானது’ என்ற படம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலானது, அடுத்த ஆண்டு ஜேர்மனியின் ஓபர்ஹௌசன் குறும்பட விழாவில் பரிசு பெற்றது. அவர் இயக்கி வெளிவந்தது அந்த ஒன்றுதான்; 1967இல் வீதி விபத்தில் இறந்துபோனார். ஈரானிய நவ சினிமாவைப் பற்றிப் பேசுபவர்கள் தொடங்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

பஸ்தரிப்பிடம்

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சென்ற திரையிடல் மாலை 6.30க்குத் தொடங்கி 9 மணி தாண்டி முடிந்தது. நான் மொறட்டுவைப் பக்கம் போக வேண்டியவள். அந்த நேரத்தில் காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை நினைத்துத்தான் வராமல் விட்டேன். வீட்டில் இரவுச் சாப்பாட்டைச் செய்துவைத்துவிட்டுப் புறப்படுவதா, செய்யாமல் புறப்படுவதா என்பது இன்னொரு கதை. ஞாயிறு பிற்பகல் 3.30க்குத் தொடங்குங்கள், அல்லது பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் வையுங்கள். காலையில் பிள்ளைகளின் டியூஷன் முடிந்திருக்கும், இருட்டுவதற்கு முன் வீடு சேரலாம். ஒரு மூலையில் பாய் விரித்து, சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்தினால் இன்னும் பத்துப் பெண்கள் வருவார்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்காகவே பாதியில் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

மலைநாட்டுத்தங்கை

நான் ஹற்றனைச் சேர்ந்தவள். வேலைக்காகக் கொழும்பில் தங்கியிருக்கிறேன். கைத்தொலைபேசியில் 11 நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். பத்து வருடம் கொழும்பில் பிறர் வீட்டில் சமைத்துக் கொடுத்துவிட்டு, தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குத் திரும்பி வந்த என் அம்மா, தன் சொந்த அடுப்படியில் உப்பு எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்று தடுமாறுவதுதான் படம். வேறொன்றும் நடக்காது.

அதை ஒரு விழாவுக்கு அனுப்பினேன். விழாவின் பெயர் இங்கே தேவையில்லை. திரையிட்டார்கள் என்பதை ஒரு தோழி அனுப்பிய முகநூல் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். ‘தோட்டத்துப் பெண்களின் குரல்’ என்ற பிரிவில் சேர்த்திருந்தார்கள். விளம்பரத்தில், எங்கிருந்தோ எடுத்த, கொழுந்துக்கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் புகைப்படம். என் படத்தில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. தேயிலையைக் காட்டக்கூடாதென்று நான் எண்ணியே கமராவை அடுப்படிக்கு வெளியே கொண்டுபோகவில்லை. மலையகம் என்றதும் ட்ரோனில் பறந்து பச்சைச் சரிவுகளைக் காட்டும் படங்களைப் பார்த்துச் சலித்துத்தான் அப்படி முடிவெடுத்தேன். அந்த முடிவை விளம்பரத்தில் ஒரு படத்தைப் போட்டே அழித்துவிட்டார்கள்.

படத்தைக் கேட்டு வாங்கும்போது இயக்குநரிடம் நாள், இடம், நேரம், அதனோடு திரையிடப்படும் மற்றப் படங்கள் எவை என்பவற்றை எழுதித் தெரிவியுங்கள். விளம்பரத்தில் என்ன புகைப்படம் போடுவது என்று அவளிடமே கேளுங்கள். முடிந்தபின் எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நான்கு வரி அனுப்புங்கள். தூரத்திலிருந்து படமெடுப்பவளுக்கு அந்த நான்கு வரிதான் மண்டபத்தில் இருந்ததற்குச் சமம். 1,000 ரூபாயானாலும் ஒரு தொகை கொடுங்கள். மண்டபத்துக்கு வாடகை, ஒலிபெருக்கிக்கு வாடகை, தேநீருக்குக் காசு, படத்துக்கு மட்டும் நன்றியா?

வாசகி அக்கா எழுதிய ஃபரொக்ஸாத் படத்தை நான் பார்த்திருக்கிறேன். நோயுற்றவர்களை அவ்வளவு நெருக்கமாகக் காட்டியும் அது அவர்களைக் காட்சிப்பொருளாக்கவில்லை என்றே எனக்குப் பட்டது. அங்கே பார்த்த ஒரு சிறுவனைப் பிறகு அவர் தத்தெடுத்துக்கொண்டார் என்பதையும் வாசித்தேன். ஆனால் அம்மாவைப் படமெடுத்தபோது எனக்கிருந்த கேள்வி வேறு. எனக்காகச் சம்மதித்த அம்மா, 42 அந்நியர்களுக்கும் சம்மதித்தாரா? ஒவ்வொரு திரையிடலுக்கு முன்பும் இப்போது அம்மாவிடம் கேட்கிறேன். ஒருமுறை வேண்டாம் என்றார், அனுப்பவில்லை.

தெமட்டகொடைச்சகோதரி

மலைநாட்டுத் தங்கை எழுதிய சம்மதம் பற்றிய பகுதியை எங்கள் பக்கத்து அனுபவத்தோடு சேர்த்து எழுதுகிறேன். என் உறவினர் ஒருத்தி திருமண வீட்டின் பெண்கள் பகுதிக்குள் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அங்கே வேறு யாரும் கமராவோடு நுழைந்திருக்க முடியாது. சமையற்காரர்களின் பேச்சு, மருதாணி காயும்வரை கையைத் தூக்கிக்கொண்டு இருக்கும் மணமகள், கதவுக்கு அப்பால் கேட்கும் ஆண்களின் சத்தம் என்று போகிறது. நல்ல படம். அவள் அதை இணையத்தில் போட மாட்டாள், தன் முகத்தையும் விளம்பரத்தில் போட விடமாட்டாள், புனைபெயரில்தான் வெளியிடுவாள். இதைப் பயம் என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றுகிறாள் என்றே நான் சொல்வேன்.

இப்படிப்பட்ட படத்துக்கு உங்கள் மண்டபத்தில் இடமுண்டா? கைத்தொலைபேசியில் யாரும் பதிவுசெய்யக்கூடாது, கோப்பை இயக்குநரே கொண்டுவந்து இயக்குநரே எடுத்துச்செல்வார் என்ற நிபந்தனைகளை ஏற்பீர்களா? நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெண்கள் மட்டும் பார்க்கும் திரையிடலாக வைத்தால், இதுபோன்ற படங்கள் இன்னும் சில வெளியே வரும்.

பழையபார்வையாளர்

அப்படியானால் அந்தப் படத்தை நாங்கள் ஒருபோதும் பார்க்க முடியாதா?

தெமட்டகொடைச்சகோதரி

முடியாது, ஐயா. கதவுக்கு அப்பால் கேட்கும் சத்தமாகப் படத்துக்குள் இருக்கிறீர்கள்.

சட்டப்புத்தகம்

ஒரு நடைமுறை விடயம். மண்டபம் சிறியது, நாங்கள் நண்பர்கள்தானே என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். இலங்கையில் பொதுமக்களுக்குத் திரைப்படம் காட்டுவதென்றால், தணிக்கைச் சபை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அரச சபையின் அனுமதி குறுக்கே நிற்கிறது. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியில் வந்த ஏற்பாடு அது. விளம்பரம் செய்து யாரும் வரலாம் என்று அழைப்பதும், பெயர் பதிந்த உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவதும் ஒன்றல்ல. உங்கள் திரையிடல் எந்த வகைக்குள் வருகிறதென்று சபைக்கே கடிதம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்திருங்கள். ரிக்கெட் விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரியும் கணக்கில் வரும். படத்தில் பிரபலமான திரைப்பாடல் எதையாவது பின்னணியில் சேர்த்திருக்கிறார்களா என்றும் இயக்குநரிடம் கேளுங்கள். மண்டபத்தில் எவரும் கவனிக்காவிட்டாலும், அந்தப் படம் பின்னர் விழாவுக்கோ தொலைக்காட்சிக்கோ போகும்போது உரிமைச் சிக்கல் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

புதியவன்

எல்லாவற்றையும் யூரியூப்பில் ஏற்றிவிட்டால் இவ்வளவு சிரமம் இல்லையே? யாழ்ப்பாணத்திலும் பதுளையிலும் இருப்பவர்களும் பார்ப்பார்களே?

தொகுப்புமேசை

தம்பி, கேள்வி நியாயமானது, ஆனால் இரண்டு இடையூறுகள் உள்ளன. பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தை எடுப்பதில்லை அல்லது பின்வரிசைக்குத் தள்ளிவிடுகின்றன. ஆகவே விழாச் சுற்று முடியும்வரை கடவுச்சொல் போட்ட இணைப்பாக வைத்திருப்பதுதான் வழக்கம். மற்றது, படத்தின் கீழே வந்து விழும் பின்னூட்டங்கள். நான் தொகுத்த ஒரு படத்தின் கீழ் முதல் 30 கருத்துகளில் படத்தைப் பற்றியவை நான்கு. ஏனையவை இயக்குநரின் தோற்றத்தையும் குடும்பத்தையும் பற்றியவை. அவள் கருத்துப்பகுதியை மூடினாள், பிறகு படத்தையே எடுத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னதால் நினைவுக்கு வருகிறது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவை இயக்குபவர் அனோமா ராஜகருணா, அவரே படமெடுப்பவர். தெரிவுசெய்யும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதும் இந்த இழையில் பேச வேண்டியதே. உங்கள் குழுவில் நான்கு பெண்கள் இருப்பது நல்லது, ஆனால் நால்வரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

காலிவீதிக்காரி

சரியாகவே கேள்விப்பட்டிருக்கிறீர்கள். மலைநாட்டுத் தங்கையும் தெமட்டகொடைச் சகோதரியும் சம்மதித்தால் தெரிவுக் குழுவில் இன்றே சேர்த்துக்கொள்கிறோம். சம்மதம் என்பதைப் பற்றி இவ்வளவு படித்தபின் கேட்காமல் பெயர் போட மாட்டேன்.

பழையபார்வையாளர்

இரண்டு நாட்களாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் நிலைப்பாட்டில் ஒரு பாதியை விட்டுக்கொடுக்கிறேன், மறுபாதியை வைத்துக்கொள்கிறேன்.

விட்டுக்கொடுப்பது தலைப்பைப் பற்றியது. பரிசோதனைப் படங்கள் எடுத்த மாயா டெரென் 1943இல் தன் கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே 14 நிமிடப் படம் எடுத்தார். அதைக் காட்ட யாரும் முன்வராதபோது, 1946இல் நியூயோர்க்கின் புரொவின்ஸ்டவுன் நாடக அரங்கைத் தாமே வாடகைக்கு எடுத்துத் தம் படங்கள் மூன்றைத் திரையிட்டார். அந்த மாலையின் தாக்கத்தில்தான் ஏமொஸ் வோகெல் அடுத்த ஆண்டு ‘சினிமா 16’ என்ற திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார். நான் வளர்ந்த கழக மரபின் கிளைகளில் ஒன்று, தன் படத்தைத் தானே காட்டிய ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் இந்த விவாதத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

வைத்துக்கொள்வது விமர்சனத்தைப் பற்றியது. அன்று பேசிய ஒருவரும் எந்தப் படத்தையும் குறை சொல்லவில்லை. ‘துணிச்சலான முயற்சி’ என்று எல்லோரும் சொன்னோம்; அந்தச் சொல்லை ஆண் எடுத்த படத்துக்கு நான் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்பது இப்போது உறைக்கிறது. நான்காவது படத்தின் நடுப்பகுதியில் அந்தப் பெண் கடிதத்தைக் கிழித்ததும் படம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த மூன்று நிமிடங்கள் வேண்டியதில்லை. இதைச் சொல்ல இடம் தருவீர்களானால் வருகிறேன், பின்வரிசையில் இருக்கிறேன்.

மலைநாட்டுத்தங்கை

ஐயா, நான்காவது படத்தை எடுத்தவள் என் தோழி. உங்கள் பதிவை அவளுக்கு அனுப்பினேன். அந்த மூன்று நிமிடங்கள் தனக்கும் உறுத்தியதாகவும், தொகுப்பில் உடனிருந்தவர் முடிவு விளங்காதென்று சொல்லிச் சேர்க்கவைத்ததாகவும் எழுதியிருக்கிறாள். இதுவரை அவளுக்குக் கிடைத்தவை எல்லாம் வாழ்த்துகளாம். ஒரு காட்சியைக் குறிப்பிட்டு யாரோ பேசியது இதுவே முதற்தடவையாம். அன்று மண்டபத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கச் சொன்னாள். (குழுவில் சேர்வதற்கு எனக்குச் சம்மதம்.)

தெமட்டகொடைச்சகோதரி

எனக்கும் சம்மதம். கூட்டங்களை வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் வைக்காதீர்கள்.

காலிவீதிக்காரி

அடுத்த திரையிடலுக்கான ஏற்பாட்டை எழுதுகிறேன். ஞாயிறு பிற்பகல் 3.30, நான்கு படங்கள், மொத்தம் 58 நிமிடங்கள். முதலில் ஒரு சிங்களப் படம், தமிழ் உபதலைப்போடு. பிறகு மலைநாட்டுத் தங்கையின் அடுப்படி, அம்மாவின் பதில் கிடைத்தால் மட்டும், சிங்கள உபதலைப்போடு. மூன்றாவதாக, 1975இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று பெண்ணாக இருப்பதென்றால் என்ன என்று கேட்டபோது அதற்கு விடையாக அன்யெஸ் வார்தா எடுத்த எட்டு நிமிடப் படம், அதன் திரையிடல் உரிமை பற்றி எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால். இறுதியாக, மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தவளின் இரண்டாவது படம். அவளும் தாயும் வந்து போகும் பஸ் செலவை நாங்கள் ஏற்கிறோம். சட்டப்புத்தகம் சொன்னபடி சபைக்குக் கடிதம் இன்று போகிறது.

பேச்சுக்கு 40 நிமிடம். இயக்குநர்கள் திரைக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்தபடி அமர்வார்கள். முதலாவது கேள்வியை அவர்களே எங்களைப் பார்த்துக் கேட்பார்கள். எழுந்து பேசுபவர் ஒரு காட்சியைச் சுட்டித் தொடங்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஒலிவாங்கியை வைத்திருக்கப்போவது நான் அல்ல, பஸ்தரிப்பிடம் அக்கா; அவருக்கு யாரையும் இடைமறிக்கத் தயக்கமில்லை என்று அறிந்துகொண்டேன்.

ஒரு சிக்கல்தான் மிச்சமிருக்கிறது. பிற்பகலுக்கு மாற்றியதால், கடற்பக்கம் பார்த்திருக்கும் மூன்று யன்னல்களிலும் நேராக வெயில் வரும். நேற்று 4 மணிக்கு நின்று பார்த்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றையும் மூடினால் காற்று இல்லை.

தொகுப்புமேசை

நாளைக்கு வந்து அளவெடுக்கிறேன். கறுப்புத் துணி புறக்கோட்டையில் யார் மலிவாகத் தருவார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். யன்னலோடு ஒட்டிக் கட்டாமல் ஓர் அடி தள்ளி, இரட்டையாகத் தொங்கவிட்டால் பக்கவாட்டில் காற்று வரும்.

பழையபார்வையாளர்

என் வீட்டில் பழைய தூண்விசிறிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சத்தம் போடும். அதைப் பிள்ளைகள் இருக்கும் பாய்ப்பக்கம் வைக்கலாம்.